சார்ந்திருப்போர் எண்ணிக்கை: இரண்டு

என் அம்மாவின் மதிப்பு தொண்ணூற்றோராயிரத்து நானூற்று அறுபத்து மூன்று ரூபாய். இதை நான் சொல்லவில்லை. நிலைவாசல் வீட்டுக் கடன் நிறுவனத்தின் செங்கல்பட்டுக் கிளை சொன்னது. அவர்கள் கணக்கில் தப்பு வராது. தப்பெல்லாம் நம் பக்கத்தில்தான் வரும்.

வீடு வாங்க வேண்டும் என்று எனக்குப் பெரிதாக ஆசை இருந்ததில்லை. புதுப்பட்டினத்தில் குப்பத்தை ஒட்டிய தெருவில் வாடகை வீடு. நான், என் மனைவி தமிழரசி, பையன் சூர்யா, அம்மா ஆதியம்மாள். நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்டிராக்டரிடம் ஸ்டோர் கீப்பர். அம்மா கரையில் ஏலம் எடுத்து டவுன்ஷிப் வீடுகளுக்கு மீன் விற்பவள். அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. இப்படியே காலம் போயிருக்கும். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் எங்கள் தெருமுனை வரை வந்தது. அம்மா மீன் சுமக்கும் அன்னக்கூடையைக் கொண்டுபோயிற்று. அம்மா ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டிருந்ததால் அவளை விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் தமிழரசி சூர்யாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "தண்ணி வராத எடமா ஒரு வூடு பாருங்க" என்று தினமும் சொன்னாள். அம்மாவும் அதையே சொன்னாள். கேளம்பாக்கத்தில் எட்டு லட்சத்துக்கு ஒரு சின்ன பிளாட் இருப்பதாகத் தெரிந்தது. நிலைவாசல் நிறுவனம் அதே கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'உன் தகுதியை நீ அறி' என்று முகாம் நடத்துவதாக நோட்டீஸ் வந்தது. போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வாசலில் பன்னீர் தெளித்தார்கள். கல்கண்டு கொடுத்தார்கள். சட்டையில் 'வருங்கால உரிமையாளர்' என்று ஒரு அட்டையைக் குத்தினார்கள். பெண் வீட்டாரா, பிள்ளை வீட்டாரா என்று கேட்காததுதான் குறை. மேடையில் கிளை மேலாளர் ஜெயகிருஷ்ணன் பேசினார். வெள்ளைச் சட்டை, குங்குமம், தெளிவான குரல். அவர் பேசியதில் பாதியை நான் இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்.

"அன்பார்ந்த வருங்கால உரிமையாளர்களே! உங்களால் எவ்வளவு கடன் தாங்க முடியும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குத் தெரியும்! மனிதன் தன் சம்பளத்தில் பாதியைச் சாப்பிடுகிறான், பாதியை வீணாக்குகிறான். வீணாகும் பாதியைத்தான் நாங்கள் கேட்கிறோம். வட்டியில் இரண்டு வகை உண்டு. நிலையான வட்டி என்பது நாங்கள் மாற்றும் வரை மாறாது. மாறும் வட்டி என்பது உங்களைக் கேட்காமலே மாறும். எது வேண்டும் என்று முடிவு செய்யும் சுதந்திரம் முழுக்க முழுக்க உங்களுடையது. இருபது வருஷம் உங்கள் வீட்டுப் பத்திரத்தை நாங்கள் பத்திரமாக வைத்திருப்போம். அதுவரை நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்துகொள்ளலாம்!"

கை தட்டினோம். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "சார், ஆறு லட்சம் வாங்கனா மொத்தம் எவ்ளோ திருப்பிக் கட்டணும்?" என்று கேட்டார்.

ஜெயகிருஷ்ணன் புன்னகைத்தார். "கல்யாணம் ஆன அன்றே பேரன் பேத்தியின் பள்ளிக்கூடச் செலவையா ஐயா கூட்டிப் பார்க்கிறோம்?"

மறுபடி கை தட்டினோம். பெரியவரும் தட்டினார்.

ஆளுக்கொரு அட்டைச் சக்கரம் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் தகுதிச் சக்கரம். வெளி வட்டத்தில் சம்பளம், உள் வட்டத்தில் வீட்டில் சாப்பிடும் தலைகள். இரண்டையும் நேராகத் திருப்பினால் நடுவில் உள்ள ஓட்டையில் உங்களுக்குக் கிடைக்கும் கடன் தெரியும். தத்துவம் சுலபம். சம்பளத்தில் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு கழிக்க வேண்டும். மிச்சத்தில் பாதி மாதத் தவணை. லட்சத்துக்கு எண்ணூற்றிருபது ரூபாய் தவணை என்றால் எத்தனை லட்சம் என்பது கணக்கு. மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கு மட்டும் அதில் ஓட்டை இல்லை.

வீட்டுக்கு வந்து திருப்பினோம். சம்பளம் பதினைந்தாயிரம், தலை நான்கு. ஓட்டையில் ஐந்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. பிளாட்டுக்குத் தேவையான கடன் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். எட்டு லட்சத்தில் மீதி ஒன்று அறுபதை நாங்கள் போட வேண்டும். அதில் ஒரு லட்சத்தை அம்மா அன்றைக்கே எடுத்து வைத்தாள். பன்னிரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அறுபதாயிரம் தமிழரசியின் கழுத்திலிருந்து வந்தது.

"எனக்குன்னு ஒண்ணும் வாணாம் நைனா. கூடய கழுவ தனியா ஒரு கொழா இருந்தா போதும். சமையக்கட்டுல கழுவனா தமிழு மூக்கப் புடிச்சிக்கிறா" என்றாள் அம்மா.

"நான் எப்ப அத்த புடிச்சேன்?" என்று தமிழரசி மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டைப் பற்றி நாங்கள் நால்வரும் சேர்ந்து சிரித்தது அது ஒருமுறைதான்.

செங்கல்பட்டுக் கிளை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பாத்திரக் கடை மாடியில். முப்பத்தொரு காகிதங்களோடு போய் உட்கார்ந்தேன். ஜெயகிருஷ்ணன் படிவத்தைப் படித்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"சார்ந்திருப்போர் எண்ணிக்கை மூணுன்னு போட்டிருக்கீங்க. அம்மா என்ன பண்றாங்க?"

"மீன் யாவாரம் சார். தெனம் எரநூறு முந்நூறு கெடைக்கும். வூட்டு சாப்பாட்டுச் செலவே அவங்களுதுதான். சொந்தப் பங்கு ஒரு லட்சம்னு காட்டிகீறேனே, அதுவும் அவங்க பணம்."

"வருமானத்துக்குச் சான்று?"

"மீன் விக்கிறதுக்கு இன்னா சார் சான்று?"

"அப்போ வருமானம் இல்ல."

"அவங்கதான் சார் எங்களுக்குச் சோறே..."

"சம்பாதிக்கிறதுக்குச் சான்று வேணும் மிஸ்டர் சிவப்பிரகாசம். சாப்பிடறதுக்கு வேண்டாம். இது எங்க கொள்கை. நாங்க மனுஷங்களை நம்பறோம். எல்லாரும் சாப்பிடுவாங்கன்னு நம்பறோம்." அவர் சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார். நான்கு தலைக்கு ஒரு தொகை, மூன்று தலைக்கு ஒரு தொகை. "வித்தியாசம் பாருங்க. தொண்ணூத்தோராயிரத்து நானூத்தி அறுபத்தி மூணு. உங்களுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது அவ்வளவுதான்."

நான் சக்கரத்தை வாங்கி இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன். அதே தொகைதான் வந்தது.

"நான் எதுவும் சொல்லல" என்றார் கடைசியில். "நேர்மைதான் எங்க அஸ்திவாரம். அதனாலதான் நாங்க எதையும் வாய் வார்த்தையா ஏத்துக்கிறதில்ல. இருபது ரூபா பத்திரத்துல, நோட்டரி கையெழுத்தோட குடுத்தா மட்டும்தான் ஏத்துக்குவோம். தாயார் என்னுடன் வசிக்கவில்லை, என்னைச் சார்ந்தும் இல்லைன்னு இருந்தா போதும். இருந்தான்னுதான் சொல்றேன். இருங்கன்னு சொல்லல."

கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் வரலட்சுமி என்ற பெண் கம்ப்யூட்டர் வைத்துப் பத்திரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஒரு உறுதிமொழி... வூட்டு லோனுக்கு..." என்று இழுத்தேன்.

"நிலைவாசலா? அம்மாவா, அப்பாவா, ரெண்டு பேருமா?"

"அம்மா."

அவள் காலடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மூன்று தடுப்புகள். அடித்து வைத்த தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. "பேரு, வயசு மட்டும் ரொப்பணும். நூறு ரூவா. மாமியாருக்குதான் ஸ்டாக் தீந்து பூட்ச்சி, நாளிக்கி வா" என்று பின்னால் நின்றவரிடம் சொன்னாள். என் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் அந்தப் புங்கமரத்தைத்தான் பார்த்தோம்.

கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. வெட்கம் அப்போது வரவில்லை. அது மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அம்மாவிடம் ஓர் அன்பளிப்புக் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். 'தனியே வசிக்கும் நான், என் மகனுக்கு, திருப்பிக் கேட்கும் எண்ணமின்றி' என்று அதில் இருந்தது. முதல் இரண்டு சொற்களை விட்டுவிட்டு மிச்சத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இது இன்னா எழுத்து? பெத்தவகிட்ட எவனாவது இப்டி எழுதி வாங்குவானா?" என்று சிரித்தாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போட்டாள். கையெழுத்துப் போடக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் அவள் விட்டதில்லை.

அடுத்தது நேரடிச் சரிபார்ப்பு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆள் வருவார் என்று போன் வந்தது. அம்மா திரும்பி வர ஒரு மணி ஆகும் என்பதால் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பத்து மணிக்கு அவள் சாமான்களை எடுத்து ஒளிக்க ஆரம்பித்தேன். இரண்டு புடவை, ஒரு போர்வை, வெற்றிலைப் பை, மூட்டுவலித் தைலம், அறிவொளி வகுப்பில் கொடுத்த சான்றிதழ். அறுபத்திரண்டு வயது மனுஷியின் சொத்து முழுக்க ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிவிட்டது. பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன்.

"அத்தைக்குத் தெரிஞ்சா?" என்றாள் தமிழரசி.

"தெரியாது. ஒரு மணி நேரம். அப்பறம் எடுத்து வெச்சிடலாம்."

"பைய வெச்சிடலாம்" என்றாள் அவள். சமையலறைக்குள் போய்விட்டாள்.

வந்தவர் பெயர் செங்கல்வராயன். மொபெட், ஹெல்மெட், கழுத்தில் காமிரா. கையில் நூற்றுப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம். நேராகக் குளியலறைக்குப் போய்ப் பல்துலக்கிகளை எண்ணினார். மூன்று. அம்மா பல்பொடிக்காரி. பிறகு செருப்பு எண்ணினார். அம்மா செருப்புப் போடுவதில்லை. நிறுவனத்தின் படிவம் எங்கள் அம்மாவை மனதில் வைத்தே தயாரித்ததுபோல் எல்லாம் பொருந்தி வந்தது. தட்டில் மட்டும் இடித்தது.

"தட்டு நாலு கீது."

"வரவங்க போறவங்களுக்கு சார்."

"வரவங்களா, போறவங்களா? ரெண்டுக்கும் வேற வேற கட்டம்."

"போறவங்க" என்றேன்.

டிக் அடித்தார். அப்போதுதான் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டவுன்ஷிப்பில் அன்று ஏதோ விசேஷம். மீன் சீக்கிரம் விற்றுப்போயிருந்தது. அம்மா தலையில் அன்னக்கூடையோடு வாசலில் நின்றாள். தினமும் வந்து நின்று சொல்வதைத்தான் அன்றும் சொல்ல வாயெடுத்தாள். "டேய் பிரகாசு, கூடய எற..."

செங்கல்வராயன் திரும்பினார். "யாரு இது?"

"மீன்காரம்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அந்த ஆளைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். வெள்ளைத் தாளோடு வந்திருப்பவர் முன்னால் சொல்லக்கூடாதது ஏதோ இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கூடையைத் தானே இறக்கி வைத்தாள். எப்போதும் நான்தான் ஒரு கை பிடிப்பேன்.

"சார், சங்கரா கீது. நாலே நாலு. வூட்டம்மாவ கூப்பிடு சார்" என்றாள் என்னிடம்.

அந்த நான்கு சங்கராவும் எங்களுக்கென்று எடுத்து வைத்தது. தமிழரசி வெளியே வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"எவ்ளோ?" என்று கேட்டாள்.

"எம்பது."

"அறுவது தரேன்."

"வராது கண்ணு. சரி, போணியாவட்டும், குடு."

ஏன் பேரம் பேசினாய் என்று பிற்பாடு தமிழரசியைக் கேட்டேன். "பேசலன்னா அந்தாளுக்கு சந்தேகம் வரும்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அறுபது ரூபாயை வாங்கி அம்மா இடுப்புச் சுருக்கில் செருகிக்கொண்டாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செங்கல்வராயன் படிவத்தைப் புரட்டினார்.

"தொண்ணூத்தாறாவது கேள்வி. அண்டை அயலார் சாட்சி. எம்மா, இங்க வா. இவங்கள எத்தினி வருஷமா தெரியும்?"

"ரொம்ப வருஷமா தெரியும் சார்."

"ஆளு எப்டி? கடன் குடுக்கலாமா?"

"தங்கமான ஆளு சார். பாக்கி வெக்க மாட்டாரு."

"இவரோட அம்மா இந்த வூட்ல இல்லன்னு எழுதிக் குடுத்துகீறாரு. உனுக்குத் தெரிஞ்சி உண்மையா?"

வேலி ஓரம் பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று கூவிக்கொண்டிருந்தது. அம்மா தலைச் சும்மாட்டை அவிழ்த்து, உதறி, மறுபடி சுருட்டினாள்.

"உண்மதான் சார். இந்த வூட்ல அம்மான்னு யாரும் இல்ல."

"கைநாட்டு வெப்பியா?"

"கையெழுத்தே போடுவேன் சார்."

போட்டாள். வழக்கம்போல நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக, 'ஆதியம்மாள்' என்று. செங்கல்வராயன் அதைப் படித்தார். கோப்பைப் பின்னால் புரட்டி அன்பளிப்புக் கடிதத்தைப் பார்த்தார். இன்னும் புரட்டி உறுதிமொழிப் பத்திரத்தைப் பார்த்தார். ஒரே கோப்பில் மூன்று ஆதியம்மாள். ஒருத்தி லட்சம் கொடுத்தவள், ஒருத்தி இல்லாதவள், ஒருத்தி மீன் விற்பவள். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"இந்த ஊர்ல ஆதியம்மாள்னு நெறைய பேரு கீறாங்க போல" என்றார் அவர். டிக் அடித்தார்.

மொபெட்டை உதைத்துக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "ஒண்ணும் வருத்தப்படாத சார். போன வாரம் திருக்கழுக்குன்றத்துல ஒரு வூட்ல பெத்த அப்பாரு ஜோசியரா வந்து ஒக்காந்தாரு. எனுக்கே ஜாதகம் பாத்துச் சொன்னாரு. உங்க மீன்காரம்மா பரவால்ல."

அம்மா அப்போதே தெருவில் இறங்கிப் போயிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். காலைக் கழுவினாள். "சங்கராவ கொழம்பு வெச்சியா தமிழு?" என்று கேட்டாள். சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. காறித் துப்பியிருந்தால் இன்னும் தேவலை. அந்தத் துண்டைச் சூர்யாவின் தட்டுக்கு மாற்றினேன்.

கடன் கிடைத்தது. ஆறு லட்சத்து நாற்பதாயிரம், இருபது வருஷம், மாறும் வட்டி. தை மாதம் கிரகப்பிரவேசம். நிறுவனத்தில் முதல் சாவி விழா என்று ஒரு வழக்கம் இருந்தது. மேலாளரே வந்து சாவி கொடுத்து, குடும்பத்தை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக் காலண்டரில் போடுவார். ஜெயகிருஷ்ணன் வந்தார்.

"இதோ ஓர் அளவான குடும்பம்!" என்று பிளாட்டு மாடிப்படியில் நின்று பேசினார். "கணவன், மனைவி, ஒரு குழந்தை. பெற்றோரைத் தெய்வமாக மதிப்பது நம் பண்பாடு. தெய்வத்தை நாம் வீட்டிலா வைத்துக்கொள்கிறோம்? கோயிலில் வைக்கிறோம். போய்க் கும்பிட்டு வருகிறோம்!"

படம் எடுத்தார்கள். அம்மா எதிரே, நாற்காலி வரிசையில், கட்டட மேஸ்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகளோடு பந்தியில் சாப்பிட்டாள். போகும்போது மொய்க் கவர் ஒன்றைத் தமிழரசியிடம் கொடுத்தாள். நூற்றொரு ரூபாய். கவர்மேல் அவளே எழுதியிருந்தாள்: 'ஆதியம்மாள், புதுப்பட்டினம், மீன் வியாபாரம்.'

"அத்த, எங்க போறீங்க? உங்க பையெல்லாம் எடுத்தாந்தாச்சி" என்று தமிழரசி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல தமிழு. நானே கையெழுத்து போட்டுக் குடுத்துகீறேன். நாளிக்கி அந்தாளு வந்து பாத்தா பொய்யாப் பூடும். பிரகாசுக்குதான் அசிங்கம்." பால்கனியில் அவளுக்காக நான் சொல்லி வைத்திருந்த குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். "கொழா நல்லா கீது" என்றாள்.

மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தண்ணீர் வராத இடத்துக்கு நாங்கள் மூவரும் வந்துவிட்டோம். குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து, கடலைப் பார்த்த வாசலில் அம்மா இருந்தாள். நான் மாதம் ஒருமுறை போனேன். போய்க் கும்பிட்டு வந்தேன்.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்' என்று தொடங்கி, வட்டி அரை சதவீதம் ஏறியதைச் சொல்லும். தவணையை ஏற்றமாட்டார்கள். வருஷத்தை ஏற்றுவார்கள். இருபது வருஷம் இருபத்தேழு ஆயிற்று. இருபத்தேழு நாற்பத்தொன்று ஆயிற்று. என் கடன் முடியும்போது எனக்கு எழுபத்தொன்பது வயது என்று கணக்குப் போட்டேன். இரண்டாயிரத்து எட்டில் வந்த கடிதத்தில், 'கடன் முடியும் நாள்' என்ற கட்டத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள் இருந்தன.

செங்கல்பட்டுக்கு ஓடினேன். "இது என்ன சார் நட்சத்திரம்?"

ஜெயகிருஷ்ணனின் குங்குமம் அப்படியே இருந்தது. "வட்டி பதினொண்ணு ஆயிடுச்சு. மாசம் ஐயாயிரத்து அறுநூத்துச் சொச்சம் வட்டியே ஓடுது. நீங்க கட்டறது ஐயாயிரத்து இருநூத்தம்பது. அதாவது நீங்க கட்டக் கட்டக் கடன் வளருது. எங்க கம்ப்யூட்டர் எவ்வளவு தேடியும் முடியற தேதி கிடைக்கல. அது நேர்மையான கம்ப்யூட்டர். தெரியலன்னா தெரியலன்னு நட்சத்திரம் போட்டுடும்."

"இப்ப இன்னா சார் பண்றது?"

"தவணையை ஆறாயிரத்து அறுநூத்தி அறுபது ஆக்கணும். ஆனா" என்று சக்கரத்தை எடுத்தார். விலைவாசி ஏறியதால் தலைக்கழிவையும் ஏற்றி, புதுச் சக்கரம் அடித்திருந்தார்கள். என் சம்பளம் கொஞ்சம் ஏறியிருந்தும் ஓட்டையில் தொகை இறங்கியிருந்தது. "இந்தக் கடனுக்கு உங்களுக்குத் தகுதி இல்லையே மிஸ்டர் சிவப்பிரகாசம். எப்படிக் குடுத்தோம்னே தெரியல."

"கட்டலன்னா?"

"ஏலம். அது எங்களுக்கு ரொம்ப வருத்தமான விஷயம். வருத்தக் கட்டணம் தனி." பிறகு குரலை மென்மையாக்கினார். "ஒரு வழி இருக்கு. 'தாய் மடி'ன்னு புதுத் திட்டம். சொந்தமாத் தொழில் பண்ற தாயார் கூடவே வசிச்சா, அவங்களைத் துணைக் கடன்தாரராச் சேர்க்கலாம். வருமானத்துக்குச் சான்றே வேண்டாம். வாயால சொன்னாப் போதும். உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அவர் நிஜமாகவே மறந்திருந்தார்.

புங்கமரத்தடியில் வரலட்சுமிக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. "அம்மாதான? போறதா, வரதா?" என்றாள். "போறது நூறு. வரது எரநூறு. இப்ப வரதுக்குதான் கிராக்கி."

அம்மாவிடம் கேட்கப் போன நாளில் நான் அவள் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. விஷயத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னேன். இவ்வளவையும் செய்துவிட்டு எந்த மூஞ்சியோடு வந்து கேட்கிறாய் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள், "மாசம் எவ்ளோ கொறையுது?" என்றுதான் கேட்டாள்.

"ஆயிரத்தி நானூறு."

"குடுத்துடறேன். நான் இன்னா பண்ணணும்?"

"சனிக்கெழம அந்தாளு வருவாரு. நீ வூட்ல இருக்கணும். என்னோட அம்மான்னு சொல்லணும்."

"சொல்லிக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டாள். கூடை இல்லை. நல்ல புடவை, தலையில் பூ இல்லாத குறைக்கு நன்றாக எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, "நான் எங்க ஒக்காரணும்?" என்று கேட்டாள். நாற்காலியைக் காட்டினேன். முதல் நாள் கடையில் வாங்கிய நான்காவது பல்துலக்கியைக் குவளையில் போட்டிருந்தேன். ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கி வாசலில் விட்டிருந்தேன். அவள் அளவு எனக்குத் தெரியவில்லை. தமிழரசியின் அளவில் வாங்கியிருந்தேன்.

செங்கல்வராயன் பதினொன்றுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. பல்துலக்கி நான்கு, செருப்பு நான்கு, தட்டு நான்கு.

"இவங்க யாரு?"

"எங்கம்மா" என்றேன். மூன்று வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த சொல் அது.

"இங்கதான் கீறீங்களாம்மா?"

"ஆமா சார். எம் புள்ள வூடு."

"புள்ள நல்லா பாத்துக்கிறாரா?"

"தங்கமா பாத்துக்கிறான் சார்."

அவர் எழுதிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "எங்கயோ பாத்தா மாரி கீதே."

"மீன் வித்திருப்பேன் சார்" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காமிராவை எடுத்து நால்வரையும் நிற்க வைத்தார். அம்மா என் தோளில் கை வைத்துக்கொண்டாள். படத்துக்காகத்தான் வைத்தாள் என்று நினைக்கிறேன். கை சூடாக இருந்தது. கையெழுத்துக் கேட்டார். போட்டாள். முன்பு போலவே நிதானமாக.

மொபெட் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் அம்மா தோளிலிருந்து கையை எடுத்தாள். பையிலிருந்து ஆயிரத்து நானூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தாள். வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா போற? இரு. சாப்டு. தமிழு சங்கரா வாங்கியாந்திருக்கா" என்றேன்.

"அந்தாளு போய்ட்டான் இல்ல?"

"போய்ட்டான்."

"அப்பறம் இன்னா நைனா? இனிமே யாருக்குக் காட்டணும்?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். வேலை முடிந்துவிட்டதா, வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சாயங்கால ஏலத்துக்குக் கரையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, வாங்கி வைத்த செருப்பைத் தாண்டி, வெறுங்காலோடு படி இறங்கினாள். நான் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

தவணை இப்போது ஒழுங்காகப் போகிறது. கடிதத்தில் நட்சத்திரம் போய்த் தேதி வந்துவிட்டது. நிறுவனத்தின் கோப்பில் நாங்கள் நால்வர், கடன்தாரர் இரண்டு, சார்ந்திருப்போர் எண்ணிக்கை இரண்டு. குவளையில் அந்த நான்காவது பல்துலக்கி உறை பிரிக்காமல் நிற்கிறது. அடுத்த சரிபார்ப்பு வரை அதை எடுக்கக்கூடாது.